ஸ்டார் ஓட்டலில் 'ஓசி ரூம்' தரும் கிரெடிட் கார்டு: கையெழுத்து போடும் முன் கணக்கு போட்டு பாருங்க!

மதுரை:

சூப்பர் மார்க்கெட் வாசல், பெட்ரோல் பங்க், வணிக வளாகம்... எங்கே போனாலும் ஒரு சின்ன மேஜை. அதன் பின்னால் டை கட்டிய ஒரு இளைஞர். "சார், ஒரே நிமிஷம். இந்த கார்டு எடுத்தா வருஷத்துக்கு ஒரு ராத்திரி ஸ்டார் ஓட்டல்ல ரூம் ஃப்ரீ சார்!" என்று வழிமறிப்பார்.

குடும்பத்தோடு ஒரு நாளாவது ஏ.சி. ரூம், நீச்சல் குளம் என்று இருந்து பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆதார், பான் கார்டு நகலை கொடுத்து கையெழுத்தும் போட்டுட்டு வந்து விடுகிறார்கள். ஓட்டலுக்கு போவதற்கு முன்பே பில் வந்து விடுகிறது!

இந்த கார்டு யாருக்கு லாபம்? யாருக்கு நஷ்டம்? விவரம் வருமாறு:-

ஓட்டல் கார்டு என்றால் என்ன?

சாதாரண கிரெடிட் கார்டில் செலவு செய்தால் வங்கி பாயிண்ட் கொடுக்கும். அதை வைத்து மிக்சி, குக்கர், கிப்ட் கூப்பன் என்று வாங்கலாம். ஓட்டல் கார்டு அப்படி இல்லை. ஒரு வங்கியும் ஒரு ஓட்டல் நிறுவனமும் கூட்டு சேர்ந்து வெளியிடுவது. செலவு செய்யச் செய்ய அந்த ஓட்டல் நிறுவனத்தின் பாயிண்ட் உங்கள் கணக்கில் ஏறும். பாயிண்ட் சேர்ந்ததும் காசுக்கு பதில் அதை கொடுத்து ரூம் எடுக்கலாம்.

அமெரிக்காவில் இது பல வருஷ பழக்கம். இந்தியாவில் முதல் ஓட்டல் கூட்டு கார்டு என்ற அறிவிப்போடு வந்தது, மாரியட் ஓட்டல் நிறுவனமும் எச்.டி.எப்.சி. வங்கியும் சேர்ந்து 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளியிட்ட 'மாரியட் போன்வாய்' கார்டு.

மாரியட் என்றால் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சென்னை தேனாம்பேட்டை, மதுரை, திருச்சியில் உள்ள கோர்ட்யார்ட் ஓட்டல்கள், வேளச்சேரி வெஸ்டின், கோவை லெ மெரிடியன் எல்லாம் இந்த நிறுவனத்தின் பெயர்களில் நடப்பவைதான்.

ரூ.3 ஆயிரத்து 540

கார்டு அறிமுகமானபோது அறிவிக்கப்பட்ட கட்டணம் வருஷத்துக்கு ரூ.3 ஆயிரம். அதுக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் ரூ.3 ஆயிரத்து 540. இதை கட்டினால் ஒரு ராத்திரி தங்குவதற்கான இலவச சீட்டு கணக்கில் வரும். 15 ஆயிரம் பாயிண்டுக்குள் கிடைக்கும் ரூமுக்கு அந்த சீட்டு செல்லும். ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தி விட வேண்டும். இல்லையென்றால் காலாவதி.

மேஜை போட்ட இளைஞர் சொன்ன 'ஃப்ரீ' இதுதான். காசு கொடுத்து முன்கூட்டியே வாங்கி வைத்த ரூம். ஓசி கிடையாது.

வாங்கிய விலை சரியா என்று பார்ப்போம். அந்த ஓட்டலில் ரூம் வாடகை ரூ.6 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வாடகை ரூ.7 ஆயிரத்து 500 வரை உள்ள ரூம்களுக்கு 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாக குறைக்கப்பட்டு விட்டது. வரியோடு ரூ.6 ஆயிரத்து 300. கார்டுக்கு கட்டிய பணத்தை கழித்தால் ரூ.2 ஆயிரத்து 760 லாபம். வாடகை ரூ.7 ஆயிரத்து 500-ஐ தாண்டினால் வரி 18 சதவீதம் என்பதால் லாபம் இன்னும் கூடும். கேட்க நல்லாத்தான் இருக்கு.

ஆனால் இந்த லாபம், எப்படியும் ரூ.6 ஆயிரம் கொடுத்து ரூம் எடுக்க இருந்தவருக்கு மட்டும்தான். வழக்கமாக ரூ.1,200 வாடகை லாட்ஜில் தங்குகிற குடும்பம் என்றால் கணக்கு தலைகீழ். ரூ.1,200-ல் முடிய வேண்டிய ராத்திரிக்கு ரூ.3 ஆயிரத்து 540 போய் விட்டது. ரூ.2 ஆயிரத்து 340 கூடுதல் செலவு!

அதோடு நம்ம ஆட்கள் வெளியூரில் தங்குவது எங்கே? பழனி, திருச்செந்தூர், வேளாங்கண்ணி, திருப்பதி. அங்கே தேவஸ்தான விடுதியிலும், பஸ் நிலையம் பக்கத்து லாட்ஜிலும் இந்த பாயிண்ட் செல்லாது.

மளிகை வாங்கி ரூம் எடுக்க முடியுமா?

"மளிகை, துணி, மருந்து எல்லாத்தையும் இந்த கார்டுல வாங்குங்க, பாயிண்ட் தானா ஏறும்" என்பார்கள். ஏறும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அறிமுகத்தின்போது சொன்ன கணக்கு இது: மாரியட் ஓட்டலில் செலவு செய்தால் ரூ.150-க்கு 8 பாயிண்ட். பயணம், சாப்பாடு, பொழுதுபோக்கு செலவுக்கு 4 பாயிண்ட். மற்ற எல்லாத்துக்கும் 2 பாயிண்ட்தான்.

ஒரு குடும்பம் மாதம் ரூ.15 ஆயிரத்துக்கு மளிகை, துணிமணி இந்த கார்டில் வாங்குவதாக வைப்போம். வருஷத்துக்கு ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். கிடைக்கிற பாயிண்ட் 2 ஆயிரத்து 400. சேர்ந்த பாயிண்டை மட்டும் வைத்து 15 ஆயிரம் பாயிண்ட் ரூம் ஒன்று எடுக்க எத்தனை வருஷம் ஆகும்? 6 வருஷத்துக்கும் மேல்! எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளை அஞ்சாம் வகுப்புக்கு போய் விடும். அந்த 6 வருஷத்துக்கு கார்டு கட்டணம் மட்டும் ரூ.21 ஆயிரத்து 240.

கூடுதல் இலவச ராத்திரியும் உண்டு என்பார்கள். உண்டுதான். வருஷத்துக்கு ரூ.6 லட்சம் செலவு செய்தால் ஒன்று. அதாவது மாதம் ரூ.50 ஆயிரம் கார்டில் தேய்க்க வேண்டும்.

பெட்ரோல், வீட்டு வாடகை, வாலெட்டில் பணம் ஏற்றுவது போன்ற செலவுகளுக்கு பாயிண்ட் கிடையாது. பாயிண்ட் இருக்கும் இடத்திலும் ஒரு சிக்கல். இந்த கார்டு 'டைனர்ஸ் கிளப்' வகையை சேர்ந்தது. விசா, மாஸ்டர் கார்டு போல எல்லா கடை மெஷினிலும் ஓடாது. டீக்கடை, காய்கறி கடையில் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து கிரெடிட் கார்டில் காசு கட்ட வேண்டும் என்றால் அது 'ரூபே' கார்டாக இருக்க வேண்டும். ஸ்கேன் பண்ணியே பழகி விட்ட கை, இந்த கார்டை பர்சில் தூங்க வைத்து விடும்.

விமான நிலைய ஓய்வறையில் இலவச சாப்பாடு என்றும் சொல்வார்கள். பஸ்சில் போகிறவருக்கு அது எதுக்கு?

அப்போ யாருக்குத்தான் லாபம்?

மாதத்தில் பாதி நாள் வெளியூரில் தங்குகிறவர்களுக்கு. மருந்து கம்பெனி பிரதிநிதி, மெஷின் சர்வீஸ் என்ஜினீயர், கம்பெனி செலவில் நல்ல ஓட்டலில் தங்குகிற விற்பனை அதிகாரி போன்றவர்களுக்கு இது நல்ல கார்டு. ரூம் பில்லை கம்பெனி திருப்பி கொடுத்து விடும். பாயிண்ட் தங்கியவர் கணக்கில் இருக்கும்.

இதில் பலருக்கு தெரியாத விஷயம் ஒன்று. ஓட்டலின் உறுப்பினர் திட்டத்தில் சேர கார்டே தேவை இல்லை! செல்போனில் ஓட்டலின் ஆப்பை இறக்கி, பெயர், இ-மெயில் கொடுத்தால் போதும். காசு கிடையாது. மாரியட்டின் பெரும்பாலான ஓட்டல்களில் ஒரு டாலர் வாடகைக்கு 10 பாயிண்ட் வீதம் உறுப்பினருக்கு கிடைக்கிறது. டாலர் ரூ.90 என்று வைத்தால் ரூ.6 ஆயிரம் ரூமுக்கு சுமார் 660 பாயிண்ட். அதே பில்லை ஓட்டல் கார்டில் கட்டினால் கார்டு மூலம் கிடைப்பது 320. அதாவது பாதிக்கும் குறைவு. பெரிய பங்கு ஓசி உறுப்பினர் அட்டையில்தான் இருக்கிறது.

அதனால் எப்போதாவது கம்பெனி செலவில் தங்குகிறவர்கள் முதலில் உறுப்பினராக மட்டும் சேர்ந்து ஒரு வருஷம் பார்க்கலாம். பாயிண்ட் மளமளவென்று ஏறினால் கார்டை பற்றி யோசிக்கலாம். 24 மாதம் தொடர்ந்து கணக்கில் எந்த வரவு செலவும் இல்லையென்றால் மாரியட் பாயிண்ட் காலாவதியாகி விடும் என்பது குறிப்பிடத்தக்கது.

ரூமை ஓட்டலின் ஆப் அல்லது இணையதளத்தில் நேரடியாக புக் செய்தால்தான் பாயிண்ட். வேறு டிராவல் தளத்தில் ரூ.200 குறைகிறதே என்று புக் செய்தால் பாயிண்ட் வராது.

ஓட்டல் மட்டும் போதாது, வீட்டுக்கும் உதவ வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு டாடா நியூ கார்டு போன்றவை உள்ளன. இதுவும் எச்.டி.எப்.சி. வங்கியோடு சேர்ந்து 2022-ல் வந்தது. 'பிளஸ்', 'இன்பினிட்டி' என்று இரண்டு வகை. அறிமுகமானபோது பிளஸ் கார்டு கட்டணம் ரூ.499, வருஷத்துக்கு ரூ.1 லட்சம் செலவு செய்தால் அது தள்ளுபடி. இதில் கிடைக்கும் 'நியூகாயின்' ஒன்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பு. தாஜ் ஓட்டல் பில்லுக்கும் கழிக்கலாம், பிக்பாஸ்கெட்டில் அரிசி பருப்புக்கும் கழிக்கலாம். ஓட்டலுக்கு போக நேரமே அமையவில்லை என்றாலும் காயின் சாப்பாட்டு தட்டுக்கு வந்து விடும்.

வட்டி என்ற பூதம்

இத்தனை கணக்கும் ஒரே ஒரு நிபந்தனையில் நிற்கிறது. பில் தொகையை முழுசாக, கெடு தேதிக்குள் கட்ட வேண்டும். இங்கே சறுக்கினால் ரூம் லாபம் எல்லாம் காலி.

பில்லில் இரண்டு தொகை இருக்கும். ஒன்று மொத்த தொகை. இன்னொன்று 'மினிமம் டியூ', அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டியது. ரூ.30 ஆயிரம் பில்லுக்கு ரூ.1,500 கட்டினால் போதும் என்று பார்த்ததும் மனசு அதுக்குத்தான் போகும். "பரவாயில்லையே, வங்கிக்காரன் நல்லவன்" என்று தோன்றும்.

மிச்சம் ரூ.28 ஆயிரத்து 500-க்கு வட்டி ஓடும். பல வங்கி கார்டுகளில் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி. மூன்றே முக்கால் வட்டி என்றால் மாதம் ரூ.1,069. வட்டிக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ரெண்டும் சேர்த்து ரூ.1,261. கந்து வட்டிக்காரரிடம் மூணு வட்டி என்றாலே ஊர் பேசும். இங்கே மூன்றே முக்கால் வட்டியை யாரும் பேசுவதில்லை!

மூன்று மாதம் இப்படி மினிமம் மட்டும் கட்டினால் வட்டியும் வரியும் ரூ.3 ஆயிரத்து 700-ஐ தாண்டி விடும். ரூ.2 ஆயிரத்து 760 லாபம் தந்த ரூம் ஞாபகம் இருக்கிறதா? அது போய், கைக்காசு ரூ.900-க்கு மேல் நஷ்டம்.

இன்னொரு கண்ணி, பாக்கி இருக்கும்போது வாங்கும் புது சாமானுக்கும் அன்றைய தேதியில் இருந்தே வட்டி ஏறும். 45 நாள், 50 நாள் வட்டி இல்லை என்று சொன்ன சலுகை பாக்கி வைத்தவருக்கு கிடையாது. ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டை போட்டு பணம் எடுத்தால் எடுத்த நாளில் இருந்தே வட்டி, அதோடு தனி கட்டணமும்.

கிரெடிட் கார்டு வட்டி வருஷத்துக்கு 30 சதவீதத்தை தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பு கூறி இருந்தது. அந்த தீர்ப்பை சுப்ரீம் கோர்ட்டு 2024 டிசம்பர் 20-ந்தேதி ரத்து செய்து விட்டது. எனவே கோர்ட்டு காப்பாற்றும் என்று நம்பி பாக்கி வைக்க முடியாது.

போன மாத பாக்கியை இந்த மாதம் இழுத்து கட்டுகிற வீடு என்றால் ஓட்டல் கார்டு பக்கமே போக வேண்டாம். எந்த பாயிண்டும் அந்த வட்டிக்கு ஈடாகாது.

ஓட்டலுக்கு போன பிறகு...

சரி, சீட்டு கையில் இருக்கிறது, ஓட்டலுக்கு போகிறீர்கள். இலவசம் என்பது ரூமுக்கு மட்டும். காலை டிபன், துணி சலவை, ரூமில் இருக்கும் குட்டி பிரிட்ஜில் உள்ள குளிர்பானம், முறுக்கு எல்லாம் தனி பில். இந்த கார்டோடு 'சில்வர்' அந்தஸ்து தருகிறார்கள். அதில் காலை டிபன் சேராது. இட்லி வடைக்கு கொடுக்கும் காசில் வெளியே நாலு பேர் வயிறு நிறைய சாப்பிட்டு விடலாம்.

ரூம் பொதுவாக இரண்டு பேருக்கு. பிள்ளைகளுக்கு கூடுதல் கட்டில் வேண்டும் என்றால் எவ்வளவு என்று முன்கூட்டியே போன் போட்டு கேட்டு விடுவது நல்லது. செக்-இன் செய்யும்போது கார்டை வாங்கி, ஒரு தொகையை முன்பிணையாக நிறுத்தி வைப்பார்கள். செலவு இல்லையென்றால் அது விடுபடும். ஆனால் உடனே விடுபடாமல் சில நாள் ஆகலாம். கார்டு லிமிட் குறைவாக உள்ளவர்களுக்கு ஊர் திரும்பும் வழியில் கார்டு ஓடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா நாளும் 15 ஆயிரம் பாயிண்டுக்குள் ரூம் கிடைக்காது. மாரியட் 2022-ல் நிலையான பாயிண்ட் பட்டியலை எடுத்து விட்டது. வாடகை ஏறினால் பாயிண்டும் ஏறலாம். சித்திரை திருவிழா, பொங்கல் லீவு, முகூர்த்த நாள் என்றால் சீட்டு செல்லாமல் போகக்கூடும். சாதாரண வார நாளாக, ரெண்டு மூணு மாதம் முன்பே பார்த்து வைத்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் பாயிண்ட் குறைந்தால் கணக்கில் சேர்ந்திருப்பதில் இருந்து 15 ஆயிரம் வரை மேலே போட்டு எடுக்கவும் வழி உண்டு.

கேட்காமலே கார்டு வந்தால்?

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டு வந்த விதிகள் கார்டுதாரர் பக்கம் நிற்பவை. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அப்படி அனுப்பி பில்லும் போட்டால், அந்த தொகையை திருப்பி தருவதோடு அதைப்போல இரண்டு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும். விண்ணப்பத்தோடு கட்டணம், வட்டி விவரம் அடங்கிய ஒரு பக்க தாள் கொடுக்க வேண்டும். மேஜை இளைஞரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். அறிமுகத்தின்போது இருந்த கட்டணமும் பாயிண்டும் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். அன்றைய கணக்கு அந்த தாளில் இருக்கும்.

கார்டு வந்து 30 நாள் ஆகியும் பயன்படுத்த தொடங்கவில்லை என்றால், ஓ.டி.பி. மூலம் உங்கள் சம்மதத்தை வங்கி கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் 7 வேலை நாட்களில் கட்டணம் இல்லாமல் கார்டை முடித்து விட வேண்டும். அதனால் ஓட்டல் ஆசையில் வாங்கி விட்டோமே என்று பதற வேண்டாம். கவர் பிரிக்காமல் இருந்தாலும், கார்டை ஆக்டிவேட் செய்யாமல் இருந்தாலும் தப்பிக்க வழி இருக்கிறது.

பயன்படுத்திய கார்டை முடிக்க கேட்டாலும் பாக்கி எல்லாம் கட்டியிருந்தால் 7 வேலை நாட்களுக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் நாளுக்கு ரூ.500 வீதம் வங்கி உங்களுக்கு தர வேண்டும்! அடுத்த வருஷ கட்டணம் பில்லில் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே முடிவு செய்வது நல்லது. வங்கி பாயிண்டாக சேரும் கார்டு என்றால் அதை செலவழித்து விட்டு முடியுங்கள். ஓட்டல் கணக்குக்கே போய் விட்ட பாயிண்ட் ஓட்டல் கணக்கில் இருக்கும்.

வங்கியில் புகார் கொடுத்து 30 நாளாகியும் தீரவில்லையா? ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் வழிமுறை கேட்டுக்கொள்ளலாம்.

'பாயிண்ட் முடியுது' என்று போன் வந்தால்...

"உங்க ரிவார்டு பாயிண்ட் இன்னிக்கு ராத்திரி 12 மணிக்கு காலாவதி. உடனே இந்த லிங்கை தொடுங்க, ஓட்டல் கூப்பன் வரும்" என்று செல்போனுக்கு குறுந்தகவல் வரும். தொட்டால் ஒரு ஆப் இறங்கும். அது உங்கள் ஓ.டி.பி.யை திருடும். கார்டு வாங்கி ஒரு பாயிண்ட் கூட சேராதவர்களுக்கும் இந்த தகவல் வருவதுதான் வேடிக்கை. பாயிண்ட் எவ்வளவு இருக்கிறது என்று வங்கி ஆப்பில் நீங்களே திறந்து பாருங்கள். ஏமாந்து பணம் போய் விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அடித்து விட்டு, வங்கிக்கும் சொல்லி கார்டை முடக்க வேண்டும்.

வணிக வளாகத்தில் சீட்டு எழுதிப்போட சொல்லி, "லக்கி டிராவில் 3 நாள் 2 ராத்திரி ஓட்டல் பரிசு, தம்பதியாக வந்து வாங்கிக்கோங்க" என்று கூப்பிடுவதும் உண்டு. இது ஓட்டல் கார்டு கிடையாது. உட்கார வைத்து ரெண்டு மணி நேரம் பேசி, பல ஆயிரம், சில இடங்களில் லட்சக்கணக்கில் விடுமுறை கிளப் உறுப்பினர் கட்டணம் கட்ட வைக்கிற வியாபாரம். அங்கே போகிறவர்கள் கிரெடிட் கார்டை வீட்டில் வைத்து விட்டு போவது நல்லது. கையில் கார்டு இருந்தால் அங்கேயே இ.எம்.ஐ. போட்டு விடுவார்கள்.